ஒலி ஒன்று, சொல் இரண்டு

ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் மேலங்கியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கோட்' ஆகிவிடும். கரடியும் பேரிக்காயும் அப்படியே 'பேர்'. சாயல்குடியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் முதலில் இடறும் இடம் இது. தமிழில் வல்லின எழுத்தின் ஒலியை அது நிற்கும் இடமே முடிவுசெய்கிறது. 'பம்பரம்' என்ற ஒரே சொல்லில் முதல் பகரம் வன்மையாகவும் மகரத்தை அடுத்த பகரம் அதிர்ந்தும் ஒலிக்கிறது. சொல்பவர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்திலோ அந்த அதிர்வு பொருளையே மாற்றிவிடும். போதாததற்கு, ஆங்கிலேயர் சொல்லின் முதலில் வரும் வன்பகரத்தை மூச்சுக்காற்றோடு வெளியிடுகிறார்கள். தமிழர் காற்றில்லாமல் சொல்லும் பேரிக்காய் அவர்கள் காதில் கரடியாக விழுகிறது. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, காற்றுப் படும்வரை சொல்லிப் பழகுவதே இதற்கு நல்ல வழி. வளைகுடாவில் சிக்கல் இன்னும் கூடும்: அரபியில் வன்பகரமே கிடையாது. வண்டி நிறுத்தும் 'பார்க்கிங்' அரபு மேலாளர் வாயில் நாய் குரைப்பதற்கான சொல்லாக வரக்கூடும். பேச்சின் இடமறிந்துதான் பொருள்கொள்ள வேண்டும்.

உயிரொலியில் தமிழ்க் காது தேர்ந்தது. குறில் நெடில் பழகியவருக்கு ஷிப் கப்பல், ஷீப் செம்மறியாடு என்பது சட்டென்று பிடிபடும்.

ஒலி முழுக்க ஒன்றாகிவிட்ட சொற்களின் கதை வேறு. இறைச்சியும் 'மீட்', சந்திப்பதும் 'மீட்'. ஒரு காலத்தில் இவை வெவ்வேறாக ஒலித்தவை. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்த பின் எழுத்து மெல்ல நிலைபெற்றது. பேச்சின் உயிரொலிகள் அதன்பிறகும் மாறிக்கொண்டே போயின. தென்மாவட்டத்தாருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 'பளம்' என்று சொல்லிப் 'பழம்' என்று எழுதுகிறவர்கள் அவர்கள். கிளியும் கிழியும் அவர்கள் வாயில் ஒன்று, தாளில் இரண்டு. பள்ளியில் ளகர ழகரப் பிழைகளைத் திருத்தி எழுதிய பழக்கமே இங்கும் கைகொடுக்கும். வண்டியை நிறுத்துவதும் 'பிரேக்', தேநீர் இடைவேளையும் 'பிரேக்'. இரண்டையும் எழுத்தோடு, அவை வரும் வேலையோடு சேர்த்து மனத்தில் இருத்திய ஓட்டுநருக்குக் குழப்பம் வராது.

எழுத்தே ஏமாற்றும் சொற்களும் உண்டு. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ, கிளார்க் கீ என்ற பெயர்ப்பலகைகளைப் படிக்கும் புதியவர் எழுத்தை நம்பி 'குவே' என்பார். படகுத்துறைக்கான அந்தச் சொல், ஒலியில் சாவிக்கான சொல்லேதான்.