ஊர் வீட்டுக்குக் கமரா பூட்டுறவைக்கு

காரைநகரில கமரா பூட்டின வீடுகள் கூடிக்கொண்டே வருது. பிள்ளையள் கனடாவிலயும் லண்டனிலயும், அம்மா அப்பா ஊரில தனிய. அந்தப் பதற்றம் எனக்கும் விளங்கும். எங்கட வீட்டிலயும் கேற்றடி, முன்விறாந்தை எண்டு தொடங்கி, இப்ப பின்வளவு, கிணத்தடி எண்டு நாலு கமராவாக்கியிருக்கிறம்.

கூட்டிப் பூட்ட நினைக்கிறவைக்குச் சில விசயங்கள்:

நெற்வேர்க் கேபிளாலயே கரண்டும் போற பிஓஈ முறை நல்லது. ஒரு இழுவை 100 மீற்றருக்குள்ள இருக்கோணும். எங்கட உப்புக்காத்து இணைப்புகளை அரிச்சுப்போடும், மூட்டுகளைத் தண்ணி புகாத பெட்டிக்குள்ள வையுங்கோ. கரண்ட் போனாலும் ரெக்கோடரும் றவுட்டரும் ஓட யூபிஎஸ் ஒண்டு தேவை.

ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிற் அனுப்பினா நாளுக்கு 21 ஜிபிக்கு மேல. நாலு கமராவுக்கு 1 ரிபி ஹாட் டிஸ்க் 11 நாள்தான் தாங்கும்.

முக்கியமா, கொம்பனி போட்டுத்தந்த பாஸ்வேர்டை அண்டைக்கே மாத்துங்கோ. 2016 இல மிராய் எண்ட தீநிரல் அப்பிடி மாத்தாத கமராக்களுக்கையும் றவுட்டர்களுக்கையும் பூந்து, அதுகளைக் கொண்டே ஒக்ரோபர் 21 அண்டு ட்விட்டர், நெற்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பலருக்கு எட்டாமல் பண்ணினது.

கடைசியா ஒண்டு. படம் லண்டன் போனுக்குப் போகும். ஆனா அம்மா விழுந்தா ஓடிவாறது பக்கத்து வீட்டு ஆக்கள்தான். அவையின்ர முற்றமும் கிணத்தடியும் படாமல் கமராவைத் திருப்பி விடுங்கோ. பூட்ட முதல் அவையோடயும் ஒரு வார்த்தை கதையுங்கோ.