பனிமலைப் பாதையும் நான்கு சக்கரங்களும்

தமிழில் பனி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனி. இமயத்தின் முடியை மூடிக்கிடப்பதும் பனி. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று நம் முன்னோர் பருவம் வகுத்தனர். அந்தப் பனிக்குத் தலையில் ஒரு துண்டு கட்டிக்கொண்டால் போதும். தில்லியில் குடியேறிய நமக்கோ வேறொரு பனி ஒன்றரை நாள் பயணத்தில் எட்டிவிடுகிறது. அதைக் காணச் செல்வதற்குத் துண்டும் கம்பளியும் மட்டும் போதா. நம்மைச் சுமந்து செல்லும் காரின் காலுக்கு என்ன அணிவிப்பது என்பதையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

சென்ற சனவரியில் குடியரசு நாள் விடுமுறையை ஒட்டி நாங்கள் மணாலிக்குப் போய்வந்தோம். மதுரையிலிருந்து வந்திருந்த அண்ணியார் அறுபத்தெட்டு வயதுவரை வெண்பனியைக் கண்டதில்லை. “ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டால் போதும்” என்பது அவருடைய விருப்பம். அழைத்துச் செல்ல முன்வந்தவன் அவருடைய மகன். குருகிராமத்தில் பணி செய்பவன். விரைவுக்கென்றே அமைந்த காரொன்றை அண்மையில் வாங்கியவன். தரையோடு தரையாகப் படிந்த உடலும், அகன்று மெலிந்த டயர்களும் கொண்ட வண்டி அது.

டயரின் மேல் எழுதியிருப்பது

காரின் டயரில் 225/40 R18 Y என்பதற்குரிய குறிகள் பொறித்திருந்தன. டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 40. உள்ளிருக்கும் சக்கரம் 18 அங்குலம். இறுதி எழுத்து மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம். நம் நாட்டு விரைவுச்சாலைகளில் 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட இசைவில்லை. ஆயினும் இத்தகைய கார்களை இத்தகைய டயர்களோடுதான் விற்கின்றனர்.

இவை கோடை டயர்கள். சூடேறிய தாரைப் பற்றிக்கொள்ளுமாறு இவற்றின் ரப்பரைக் கலந்திருக்கிறார்கள். வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களில் படியாது, வழுக்கும். பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் நெகிழ்ந்திருக்கும். அதன் முகத்தில் கத்தியால் கீறியதுபோல் நுண்ணிய வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவையே பனியைக் கவ்விக்கொள்ளும் பற்கள். ஆனால் அந்த மென்மையான ரப்பர் தில்லியின் மே மாத வெயிலில் விரைவாகத் தேய்ந்துபோகும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் எல்லாப் பருவ டயர்.

எல்லாப் பருவம் என்ற பெயரைக் கேட்டு மயங்கிவிடலாகாது. பக்கச் சுவரில் எம்+எஸ் என்ற குறி மட்டும் இருந்தால், சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற வரிகள் உள்ளன எனச் செய்தவரே சொல்லிக்கொள்கிறார் என்பதே பொருள். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனிப்பூவும் வரைந்திருந்தால், அந்த டயர் மிதிபட்ட பனியில் சோதனை செய்யப்பட்டுத் தேறியது என்று பொருள். அச்சோதனையும் மிதிபட்ட பனியைப் பற்றியதே; பளிங்குபோல் உறைந்த தரையைப் பற்றியதன்று.

காசுமீரி கேட்டில் ஒரு பிற்பகல்

மோட்டார் உறுப்புகள் விற்கும் காசுமீரி கேட் கடைத்தெருவிற்கு மகனோடு நாங்களும் சென்றோம். தாடி நரைத்த கடைக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “இதை ஓட வைப்பதற்கு எல்லாரும் கேட்கிறார்கள். நிற்க வைப்பதற்கு என்ன வேண்டும் என்று நீங்களாவது கேளுங்கள்” என்று இந்தியில் சொன்னார்.

அன்றிரவு வீட்டில் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டி, பிரேக்கை மிதித்த பின் உலர்ந்த தாரில் ஏறத்தாழ 8 மீட்டரில் நிற்கும். மிதிபட்ட பனியில் 30 மீட்டர் வேண்டும். உறைந்த தரையில் 60 மீட்டருக்கும் மேல். அதே உறைந்த தரை நூற்றுக்கு ஆறு சரிவாக இறங்கினால் 150 மீட்டரையும் தாண்டும். மலைப்பாதையில் 150 மீட்டர் நேராகச் செல்லும் சாலை எங்கே இருக்கிறது? அதற்குள் இரண்டு திருப்பங்கள் வந்துவிடும்.

“நாலு சக்கரத்துக்கும் விசை போகிற வண்டியென்றால் கவலையில்லையே, சித்தப்பா?” என்று கேட்டான். நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் துணை செய்யும். நிறுத்தும்போதோ எல்லா வண்டிக்கும் உள்ளங்கை அளவு ரப்பர் நான்கே. அந்த ரப்பர் பற்றவில்லையென்றால் விசை எத்தனை சக்கரத்துக்குப் போனாலும் பயனில்லை.

இறுதியில் அவன் சக்கரத்தின் அளவை ஒரு படி குறைத்துக்கொண்டான். 18 அங்குலத்திற்குப் பதிலாக 17 அங்குலம், டயர் 225/45. இரண்டிற்கும் மொத்த விட்டத்தில் 3 மில்லிமீட்டர் வேறுபாடுதான். ஆகவே வேகமானி பொய் சொல்லாது. பக்கச் சுவர் சற்று உயர்ந்ததால் குழியில் விழுந்தாலும் சக்கரம் நெளியும் அச்சம் குறையும். சிறிய சக்கரம் பிரேக்கில் இடியாமல் பொருந்துகிறதா என்பதைக் கடைக்காரர் மாட்டிப் பார்த்த பிறகே பணம் பெற்றுக்கொண்டார். பனிப்பூக் குறியுள்ள எல்லாப் பருவ டயர்களைத் தருவிக்கப் பத்து நாள் ஆயிற்று. வேக எழுத்திலும் சுமை எண்ணிலும் கார் செய்தவர் வகுத்ததற்குக் கீழே செல்லவில்லை.

முன் சக்கரங்கள்தாமே இழுக்கின்றன, இரண்டு வாங்கினால் செலவு பாதியாகுமே என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அது தீங்கு. முன்னே பற்றும், பின்னே வழுக்கும். திருப்பத்தில் வண்டியின் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். வாங்கினால் நான்கும் ஒரே வகையாக வாங்க வேண்டும்.

வடக்கு நோக்கி

தில்லியிலிருந்து வடக்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தெற்கே சேலத்தையும் மதுரையையும் கடந்து கன்னியாகுமரியில் முடியும் அதே சாலை. அண்ணியாரிடம் இதைச் சொன்னதும், “அப்படியென்றால் நம் ஊர்ச் சாலையில்தான் போகிறோம்” என்று மகிழ்ந்தார். சனவரியில் அரியானா வெளிகளில் விடியற்காலை மூடுபனி சுவர்போல் நிற்கும். ஆதலால் அது கலைந்த பின், ஒன்பது மணிக்கே புறப்பட்டோம். முர்த்தலில் வெண்ணெய் மிதக்கும் பரோட்டா, அம்பாலா, சண்டிகர், கீரத்பூரில் மலை தொடங்கியது. அங்கிருந்து பிலாஸ்பூர் வழியாக 2023இல் திறந்த நான்குவழிச் சாலை சுரங்கங்களும் பாலங்களுமாகச் செல்கிறது. பழைய வழியின் களைப்பு இதில் இல்லை.

இரவு மண்டியில் தங்கினோம். பியாஸ் ஆறும் சுகேதி ஆறும் கூடுமிடத்தில் ஐந்து முகச் சிவனுக்கு ஒரு கோயில் உண்டு, பஞ்சவக்த்ரம் என்பர். 2023 சூலை வெள்ளத்தில் பியாஸ் அதைச் சூழ்ந்து பெருகியது. கற்கோயில் அசையாது நின்றது. அவ்வாண்டு வெள்ளம் குல்லுவுக்கும் மணாலிக்கும் இடையே சாலையைப் பல இடங்களில் கரைத்துக்கொண்டு போயிற்று. இந்த ஆற்றங்கரையில் சாலை என்பது ஆறு விட்டுவைத்திருக்கும் வரையில்தான் என்பதை அங்குள்ளோர் அறிவர்.

மறுநாள் பண்டோ அணையையும் ஔட் சுரங்கத்தையும் கடந்து, குல்லு வழியாக நண்பகலில் மணாலி சேர்ந்தோம். அதுவரை சாலை கருந்தாராகவே இருந்தது. ஆனால் தேவதாரு மரங்களின் நிழல் படிந்த வளைவுகளில் மட்டும் ஈரம்போல் ஏதோ பளபளத்தது. அதுதான் கண்ணுக்குப் புலப்படாத உறைபனி. பகலில் உருகிய நீர் நிழலில் மெல்லிய கண்ணாடியாக உறைந்து, தாரின் நிறத்தையே காட்டிக் கிடக்கும். மகன் அவ்விடங்களில் பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து மெல்லக் கடந்தான். புது டயர்களின் அருமையை அங்கே உணர்ந்தோம்.

சோலாங்கில் நின்ற கார்

அன்றிரவு நல்ல பனி பெய்தது. காலையில் மலை, கூரை, மரம் எல்லாம் வெள்ளை. மணாலியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் அடல் சுரங்கத்தின் தென்வாயில். 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறந்த இச்சுரங்கம் 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. இது வருமுன் ரோத்தாங் கணவாய் மூடியதும் அப்பாலுள்ள லாஹௌல் மக்கள் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பற்று வாழ்ந்தனர்.

சோலாங்கை அடுத்துப் போலீசார் வண்டிகளை நிறுத்தினர். நான்கு சக்கர விசையுள்ளவையும் சங்கிலி பூட்டியவையும் மட்டுமே அப்பால் செல்லலாம் என்றனர். மகனிடம் சங்கிலி இருந்தது. வீட்டு முற்றத்தில் இருமுறை பூட்டிப் பழகியும் இருந்தான். அண்ணியார் முன்னிருக்கையில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி அவனுடையது, தாய் அவனுடையவர்.

அவன் இறங்கிச் சாலையில் நடந்து பார்த்தான். சக்கரத் தடங்களுக்கு நடுவே பனி மேடிட்டிருந்தது. அவன் காரின் அடிவயிறு அதைத் தொடும். அகன்ற டயர் மிதவைபோல் பனியின்மேல் ஏறும். ஒடுங்கிய டயரே அதை வெட்டி இறங்கும். அவன் திரும்பி வந்து, “அம்மா, என் வண்டி இங்கே நிற்கட்டும். உள்ளூர்க்காரர் வண்டியில் போவோம்” என்றான். பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய காரை வழியோரம் விட்டுவிட்டு, சேறு படிந்த பழைய ஜீப்பொன்றில் ஏறினான்.

சுரங்கத்தினுள் தளம் உலர்ந்திருந்தது. வடவாயிலைக் கடந்ததும் வெண்மை கண்ணைக் கூசியது, சாலையும் உறைந்திருந்தது. ஓட்டுநர் அவ்விடத்தில் நடைவேகத்திற்கு இறங்கினார். எதிரே பக்கவாட்டில் வழுக்கி வந்த கார் ஒன்று, பனிக்குவியலில் மெல்ல முட்டி நின்றது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. அதுவும் விரைவுக் கார்தான். மகன் திரும்பிப் பார்த்தான், பேசவில்லை. சிஸ்ஸுவில் சந்திரா ஆற்றின் கரையில் அண்ணியார் பனியை அள்ளினார். “உப்பளத்து உப்புபோல் இருக்கிறது” என்றார். இந்தச் சந்திராதான் சற்றுத் தொலைவில் தாண்டியில் பாகா ஆற்றோடு கூடிச் செனாப் ஆகிறது.

செல்லவிருக்கும் அன்பர்களுக்கு

மணாலி வரைதான் செல்வதென்றால், தேய்மானமற்ற நல்ல டயர்கள் நான்கும் பொறுமையும் பெரும்பாலான நாட்களில் போதும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரி ஆழத்தைப் பொறுத்துக்கொள்ளும். பனிக்கு 4 மில்லிமீட்டராவது இருப்பது நலம். பக்கச் சுவரின் நான்கிலக்க எண்ணையும் காண்க: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது. பல ஆண்டு கிடந்த ரப்பர் வரி ஆழமாயிருந்தும் இறுகியிருக்கும்.

வெப்பம் ஐந்தாறு டிகிரி குறையும்போதெல்லாம் டயரின் காற்று ஏறத்தாழ ஒரு பவுண்டு குறையும். உயரே செல்லச் செல்ல வெளிக்காற்று மெலிவதால் அளவி கூட்டிக் காட்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆகவே பனியில் பற்றும் என்று நம்பிக் காற்றை இறக்கிவிடாமல், காலையில் வண்டி ஓடுமுன் அளந்து, கார் செய்தவர் சொன்ன அளவில் வைத்துக்கொள்ளுதல் முறை.

சங்கிலி வாங்குமுன் அது தம் காருக்குப் பொருந்துமா என்று கையேட்டில் பார்க்க வேண்டும்; மெலிந்த டயருள்ள பல கார்களில் அதற்கு இடைவெளி இராது. இழுக்கும் சக்கரங்களில் பூட்டி, வெறும் தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். குளிர்காலம் முழுதும் மலையில் பணியாற்றும் அன்பர்கள் தனியாகப் பனிக்கால டயர்கள் நான்கு வைத்திருப்பது சிக்கனமே; ஒன்று ஓடும்போது மற்றொன்று தேயாமல் இருக்கும்.

புதுப்பனி பெய்த மறுநாள் மட்டும் எந்த டயரையும் நம்பிச் சோலாங்கைத் தாண்ட வேண்டா. உள்ளூர் வண்டிகள் அங்கே காத்திருக்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் மலைக்குப் பின் மறைந்ததும் உருகிய நீரெல்லாம் மீண்டும் உறையத் தொடங்கும்.