அமாவாசை வரை தாங்குமா?

கருகின வாடையை முதலில் சொன்னது மனைவிதான். ஏற்காட்டு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவதைத் தாண்டும்போது, "ஏங்க, ஏதோ கருகுதுங்க" என்றார். "முன்னாடி போற லாரியோட பிரேக் வாடை புள்ள" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கணவர். "மேல ஏறுற லாரி எதுக்குங்க பிரேக் புடிக்குது?" என்று அந்த அம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தார். இன்ஜின் அலறியது, வண்டி மட்டும் அதே நடைவேகத்தில்தான் ஏறியது.

ஓரங்கட்டி இருபது நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஏறிப் போய்விட்டது. ஆராய்ச்சி நிலையத்தில் கன்றுகளை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். கிளட்ச் பிளேட் சூடேறினால் வழுக்கும், ஆறினால் கொஞ்சம் பிடிக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அவரும், "பார்த்தியா, சரியாப்போச்சு" என்றார்.

சேலத்துக்குக் கிழக்கே வலசையூர்ப் பக்கம் அவர்களுக்கு மூன்று ஏக்கர். இரண்டு ஏக்கரில் மரவள்ளி, மீதியில் கத்தரி, வெண்டை, கொஞ்சம் கீரை. வாரத்தில் ஐந்து நாள் அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் கடை போடுகிறார்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த பிறகு ஊர் ஊராக வந்தவற்றில் இதுவும் ஒன்று. கடை வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். விலையும் பலகையில் எழுதிவிடுவதால் பேரம் பேசும் தொல்லை குறைவு. ஆனால், விடிவதற்குள் காய் அங்கே இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பழைய ஆம்னி வேனை வாங்கினார்கள். பின் சீட்டைக் கழற்றிப்போட்டால் ஆறு கிரேடு காய் தாராளமாகப் பிடிக்கும். வாங்கும்போது 70,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,10,000 தாண்டிவிட்டது.

மலையில் இருந்து வந்த மூன்றாம் நாள், சந்தை முடிந்ததும் அஸ்தம்பட்டியிலேயே ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினார். அங்கிருந்த பையன் பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. "கிளட்ச் செட்டு, பிளைவீல் எல்லாமே போச்சுங்கண்ணா. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும். சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றான். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. வீட்டில் இருந்தது எட்டாயிரம். அதுவும் மரவள்ளிக்கு இரண்டாம் களை எடுக்க வைத்திருந்த கூலிப்பணம். நட்ட முதல் மூன்று மாதம் களையை விட்டுவிட்டால் கிழங்கு ஏறாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊருக்குப் பக்கத்தில் டிராக்டர் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் வந்ததும் வண்டிக்குள் ஏறவில்லை. குனிந்து, கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். பெடலில் முதலில் ஒரு விரல் அகலத்துக்குச் சும்மா இறங்கும் தளர்ச்சி இருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் கனம் தெரிய வேண்டும். இந்த வண்டியில் தொட்டவுடனே கனம். "கேபிள் இழுத்துக்கிட்டு நிக்குது. நீ காலை எடுத்தாலும் கிளட்ச் பாதி மிதிச்ச மாதிரியே இருக்குது. அப்புறம் எப்படிப் புடிக்கும்?" என்றார். அடியில் கைவிட்டு கேபிள் முனையில் இருந்த நட்டைத் தளர்த்தினார். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் டார்ச் அடித்து, ஆயில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தார். ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்தால், தடிமனான புது பிளேட்டும் வழுக்கும். அதைக் கவனிக்காமல் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதத்தில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. இங்கே காய்ந்த புழுதிதான் இருந்தது.

கூலியாக நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது, "நட்டுக்கு இன்னும் நாலு மரைதான் பாக்கி இருக்குது. அது தீர்ந்துச்சுன்னா என்னைக் கூப்பிடாத, பிளேட்டு வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேச்சில் விஷயம் இருக்கிறது. பிளேட் தேயத் தேய, உள்ளே பிரஷர் பிளேட்டின் விரல்கள் வெளியே நகர்ந்து வந்து பேரிங்கை முட்டும். அதனால் பெடலின் தளர்ச்சி தானாகவே குறைந்துகொண்டே வரும். கேபிளைத் தளர்த்தித் தளர்த்திச் சரிக்கட்டலாம், மரை இருக்கும் வரைக்கும்தான். வண்டியைப் பிரிக்காமலே பிளேட்டின் ஆயுளை ஓரளவு காட்டும் அளவுகோல் அந்த நட்டு. பட்டறைப் பையன் சொன்னதும் முழுப் பொய்யில்லை, பெரியவர் சொன்னதும் முழுத் தீர்வில்லை.

பத்து நாள் வண்டி நன்றாக ஓடியது. பதினோராம் நாள் விடியற்காலையில் ஆறு கிரேடு ஏற்றிக்கொண்டு சமதரையில் போகும்போது, நாலாவது கியரில் மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. இந்த முறை கணவரே வாயைத் திறந்தார்: "ஆமா புள்ள, கருகுது."

திரும்பி வந்ததும் பெரியவர் சொல்லித் தந்தபடி சோதித்துப் பார்த்தார். களத்தில் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்தார். வண்டிக்கு எதிரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டார். மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சை மெதுவாக விட்டார். நல்ல கிளட்ச் என்றால் அந்த நொடியே இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். இது பெடல் முழுக்க மேலே வந்த பிறகும் மூன்று, நான்கு நொடி உறுமிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் அணைந்தது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யக் கூடாது. நாலு பேர் வந்து ஆளுக்கொரு தடவை பார்த்தால், மிச்சமிருக்கும் பிளேட்டும் அங்கேயே எரிந்துவிடும். பார்க்க வந்த மச்சினர் ஆசைப்பட்டுச் சாவியைக் கேட்டார், கொடுக்கவில்லை.

அடியில் குனிந்து பார்த்தால், நட்டு மரையின் கடைசியில் நின்றது. ஆக, மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எப்போது என்பதுதான் பாக்கி. ஆறு நாளில் அமாவாசை. அமாவாசையை ஒட்டிக் காய் வியாபாரம் இரட்டிப்பாகும், கத்தரிக்காயும் செடியில் திரண்டு நின்றது. இரண்டு நாள் வண்டியைப் படுக்கப்போட்டால், வாடகை மினி ஆட்டோவுக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு. அமாவாசை வியாபாரத்தைப் பார்த்துவிட்டால் களைக்கூலியில் கைவைக்காமலே வேலையை முடித்துவிடலாம். கணக்குப் போட்டது அந்த அம்மாதான்.

"அமாவாசை வரைக்கும் தாங்குமா?" என்று பெரியவரிடமே கேட்டார்கள்.

"மலைப் பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க. நாலு கிரேடுக்கு மேல ஏத்தாதீங்க. ஓட்டும்போது அவன் இடது கால் எங்க இருக்குதுன்னு நீ பாரும்மா" என்றார். தாங்கும் என்று அவர் சொல்லவில்லை.

இடது கால் விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அவருக்கு இருபது வருடமாக டிராக்டர் ஓட்டிப் பழக்கம். டிராக்டரில் இரண்டு கட்டக் கிளட்ச். பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால் பின்னால் சுற்றும் ரோட்டவேட்டரும் நிற்கும். எப்போது தேவைப்படுமோ என்று கால் பெடல் மேலேயே கிடக்கும். அதே கால் வேனிலும் பெடல் மேலேயே கிடந்திருக்கிறது. காலின் கனமே போதும், பிளேட் லேசாக வழுக்கிக்கொண்டே ஓடும். மேட்டில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் அவர் பழக்கம். நாற்பதாயிரம் கிலோமீட்டர் இப்படியே ஓடியிருக்கிறது.

அந்த ஆறு நாளும் அந்த அம்மா சாலையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் "காலை எடுங்க" என்றார். அமாவாசைக்கு முந்தின நாள் காய் ஆறு கிரேடைத் தாண்டிவிட்டது. கணவர், "ஒரே நாள்தானே, ஏத்திரலாம்" என்றார். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் டி.வி.எஸ். எக்ஸ்.எல்-லில் இரண்டைக் கட்டி முன்னால் அனுப்பிவிட்டார். அன்றைக்கும் ஒரு தடவை இன்ஜின் சத்தம் ஏறியது. நாலாவதில் இருந்து மூன்றுக்கு இறக்கி, நிதானமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அமாவாசைக்கு மறுநாள் பெரியவர் கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேலே ஒரு செய்தித்தாள் கனத்துக்குத்தான் உராய்வுத் தகடு மிச்சம் இருந்தது. அதுவும் தேய்ந்திருந்தால் ரிவெட் பிளைவீலைக் கீறியிருக்கும், அப்போது பட்டறைப் பையன் சொன்ன தொகை சரியாகவே வந்திருக்கும். பிளைவீலில் சூட்டால் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தன, ஆனால் வெடிப்போ பள்ளமோ இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதையே மாட்டினார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. பேரிங் சத்தம் போடவில்லையே என்று கணவர் கேட்டதற்கு, "இன்னிக்குப் போடல. அடுத்த வருஷம் அது போட்டா, மறுபடியும் இதே கியர்பாக்ஸை இறக்கோணும். அந்தக் கூலியை நீ தருவியா?" என்றார். கேபிளையும் மாற்றியாயிற்று. எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். களைக்கூலி அப்படியே இருந்தது, அடுத்த வாரம் எட்டு ஆள் விட்டு இரண்டு ஏக்கரையும் எடுத்து முடித்தார்கள்.

பழைய பிளேட் இப்போது மோட்டார் கொட்டகை ஆணியில் தொங்குகிறது. வேனில் டிரைவர் பக்கம், கிளட்ச் பெடலுக்கு இடப்புறம் கால் வைக்க ஒரு சின்னப் பலகைத் துண்டை அந்த அம்மாவே பொருத்தி வைத்திருக்கிறார். ரவுண்டானா வந்தால் இன்னும் ஒரு தடவை குனிந்து பார்க்கிறார்.