பன்னிரண்டு வருஷ டெபாசிட்!

லீவு லெட்டரில் எழுதுவதற்காகத் தாத்தா, பாட்டி, தூரத்துப் பெரியப்பா என்று எல்லோரையும் 'தீர்த்து' முடித்துவிட்ட ஆபீஸ் நண்பர்களுக்குப் புதிதாக ஒரு காரணம் தருகிறேன். 'செடி பூக்கிறது. பார்க்கப் போக வேண்டும். இப்போது விட்டால் இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆகும்.' மேனேஜர் முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம், "எங்கேய்யா அது? ரூம் கிடைக்குமா?" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

அந்தச் செடியின் பெயர் குறிஞ்சி.

ஸ்கூலில் தமிழ் வாத்தியார் பிரம்பைக் காட்டி, 'குறிஞ்சி, முல்லை, மருதம்...' என்று ஒப்பிக்க வைத்தாரே, அதே குறிஞ்சிதான். மலையும் மலை சார்ந்த இடமும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கினார். ஆனாலும் மலைக்கு மொத்தமாகப் பேர் வைத்தபோது ஜெயித்தது இந்த ஒரு பூதான். பரீட்சையில் ரெண்டு மார்க் வாங்கியதோடு நம்மில் பலருக்கும் குறிஞ்சியோடு இருந்த உறவு முடிந்துவிட்டது. நேரில் பார்த்தவர்கள் ரொம்பக் கம்மி.

ஒற்றைச் செடியாகப் பார்த்தால், நிஜமாகவே ஏமாற்றமாக இருக்கும் ஸார். முழங்கால் உயரப் புதர். சொரசொரப்பான இலை. மணி மாதிரி சின்னதாக நீலப் பூ. நர்சரியில் வைத்திருந்தால் விலைகூடக் கேட்காமல் ரோஜாத் தொட்டிப் பக்கம் நகர்ந்துவிடுவோம். ஆனால், குறிஞ்சி ஒத்தையாகப் பூக்கிற ஜாதி இல்லை. ஒரு மலைச்சரிவில் இருக்கிற அத்தனை செடியும் பேசி வைத்துக்கொண்டது மாதிரி ஒரே சீஸனில் பூக்கும். பச்சை மலை நீல மலையாகிவிடும். மேகம் விலகும்போது, ஆகாசம் எங்கே முடிகிறது, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் கொஞ்ச நேரம் தடுமாறும்.

பி.காம். படித்த எனக்குக் குறிஞ்சியைப் பார்த்தால் தாவரவியல் ஞாபகம் வராது. பாங்க்தான் ஞாபகம் வரும். சாதாரணச் செடிகள் எல்லாம் சேவிங்ஸ் அக்கவுன்ட். வருஷா வருஷம் போடும், எடுக்கும். குறிஞ்சியோ பன்னிரண்டு வருஷ டெபாசிட். வேர், தண்டு, இலை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொண்டே வரும். இடையில் பைசா எடுக்காது. மெச்சூரிட்டி வந்ததும் அத்தனையையும் ஒரே சீஸனில் பூவாகச் செலவழிக்கும். விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப் போகும். அக்கவுன்ட் க்ளோஸ்! அடுத்த மழைக்கு அந்த விதைகள் முளைத்து, புது டெபாசிட் ஆரம்பம்.

எதற்காக இத்தனை கஞ்சத்தனம்? விஞ்ஞானிகள் சொல்கிற ஒரு விளக்கம் சுவாரஸ்யமானது. வருஷா வருஷம் கொஞ்சம் விதை போட்டால் பூச்சி, பறவை, எலி என்று தின்பதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருக்கும். பல வருஷம் காய விட்டுவிட்டு, திடீரென்று மலை மலையாக விதையைக் கொட்டினால்? எல்லாரும் வயிறு முட்டத் தின்றாலும் மிச்சம் நிற்கும். மூங்கிலும் இதே கணக்கில்தான் பல வருஷத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் சாகிறது.

சரி, தேதி பார்ப்போம். நீலக்குறிஞ்சிக்கு 1838-லிருந்து கணக்கு சொல்கிறார்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 1982, 1994, 2006, 2018 என்று கச்சிதமாக வந்து நிற்கும். அடுத்தது 2030. ஜூலை கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் வரை சீஸன். நம் ஆடிட்டர்கள்கூட இத்தனை ஒழுங்காகக் கணக்கை முடித்ததில்லை!

2006-ல் குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். அதே வருஷம் மூணாறு பக்கம் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதியில் சுமார் 32 சதுர கிலோமீட்டரைக் 'குறிஞ்சிமலை சரணாலயம்' என்று கேரள அரசு அறிவித்தது. ஒரு பூவுக்காகச் சரணாலயம்! ஆனால் எது காடு, எது பட்டா நிலம் என்ற தகராறில் எல்லை போடுகிற வேலை வருஷக்கணக்கில் இழுத்தது.

2018-ல் நடந்தது இன்னொரு கதை. ஹோட்டல்கள் எல்லாம் பெயின்ட் அடித்துக் காத்திருந்தன. ஆகஸ்டில் கேரளாவில் பெருவெள்ளம். மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்து மூணாறு துண்டிக்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பூவைப் பார்க்க ஆளில்லை. ரோடு சரியாகி ஜனங்கள் ஏறியபோது சீஸனில் பாதி போய்விட்டிருந்தது.

பெரியவர் சொன்ன கணக்கு

போடிமெட்டு டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எஸ்டேட்டில் உழைத்து ரிடையர் ஆனவர். "அஞ்சு பூ பாத்தாச்சு தம்பி" என்றார். வயசைக்கூடப் பூக்கணக்கில் சொல்கிற மலை ஜனங்கள் உண்டு. இவரும் அந்த வாசனையில் வளர்ந்தவர்.

"மொதப் பூவு, எங்கம்மா கொழுந்து எடுக்கப் போகையில முதுகுல கட்டிட்டுப் போய்க் காட்டுச்சாம். எனக்கு ஞாபகமில்ல. அஞ்சாவது பூவுக்கு என் பேத்தி கையைப் புடிச்சுக்கிட்டுப் போனேன்."

"ஆறாவது?"

டீயை ஒரு வாய் குடித்தார். "நான் இருந்தாலும் இருப்பேன் தம்பி. பூவு இருக்கணுமே! எங்கம்மா காட்டுனப்ப எதுத்த மலை மொத்தமும் நீலம்னு சொல்லும். இப்பப் பாருங்க, அங்க ஒரு திட்டு, இங்க ஒரு திட்டு."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. குறிஞ்சி வளர்வது, கிட்டத்தட்ட 1,300 மீட்டருக்கு மேலே உள்ள மலைப் புல்வெளிகளில். பள்ளத்தில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி என்பதுதான் மேற்கு மலையின் பழைய அமைப்பு. வெள்ளைக்கார துரைமார்களுக்கு அந்தப் புல்வெளி 'சும்மா கிடக்கிற தரிசாக'த் தெரிந்தது. தேயிலை போட்டார்கள். பிறகு யூகலிப்டஸ், சீகை மரம். சுதந்திரத்துக்கு அப்புறம் நாமும் அதையே தொடர்ந்தோம். மர நிழலில் குறிஞ்சிக்கு வெயில் கிடைக்காது. டெபாசிட் போடுவதற்கு பாங்கே இல்லாமல் போனால் என்ன செய்யும்?

'பூ போனால் போகட்டுமே' என்று சொல்லிவிட முடியாது. அந்தப் புல்வெளிதான் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, ஓடையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஆனைமுடியின் கிழக்குச் சரிவில் பிறக்கிற பாம்பாறு, கீழே இறங்கி அமராவதி அணைக்கு வருகிறது. தாராபுரத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கும் மேலே இருக்கிற புல்லுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு ஸார்.

எங்கே, எப்படி?

குறிஞ்சிக்கு முதல் இடம் மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் எஸ்டேட் துரைமார்களின் வேட்டைக்காடு. துப்பாக்கிக்காக விட்டுவைத்த இடம் என்பதாலேயே தேயிலைக்குத் தப்பியது! 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. நம் மாநில விலங்கான வரையாடு இங்கே மனுஷனைப் பார்த்து ஓடாமல், 'வந்தியா, சரி' என்கிற தோரணையில் நிற்கும். ராஜமலைக்கு மேலே வனத்துறை பஸ்ஸில்தான் போக முடியும். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூங்காவை மூடிவிடுவார்கள். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னைக்காரர்களுக்குச் சுலபமான வழி போடி. 2023-லிருந்து சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில் விட்டார்கள். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு. கோவை, திருப்பூர் ஆசாமிகளுக்கு உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. யானை நடமாடும் ரோடு. பகலிலேயே கடந்துவிடுவது உங்களுக்கும் நல்லது, யானைக்கும் நல்லது.

கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயில். முருகன் மேல் பக்தி கொண்ட ஐரோப்பியப் பெண்மணி லீலாவதி ராமநாதன் 1936-ல் கட்டியது. கொடைக்கும் ஊட்டிக்கும் 2024-லிருந்து இ-பாஸ் வந்திருக்கிறது. வத்தலக்குண்டில் நின்று செல்போனைத் தட்டிக்கொண்டிருக்காமல் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

"2030 வரை சும்மா இருக்கணுமா?" என்று கேட்காதீர்கள். குறிஞ்சியில் பல வகை. சில வருஷா வருஷம் பூக்கும். சில, சில வருஷங்களுக்கு ஒருமுறை. நீலக்குறிஞ்சியிலேயே எல்லா மலைக்கும் ஒரே காலண்டர் இல்லை. 2022-ல் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலை பூத்துக் குலுங்கியது. பூவோடு சேர்ந்து தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் கவரும்கூடக் குலுங்கின!

மார்ச், ஏப்ரலில் மூணாறு ரோட்டோரமெல்லாம் ஜகரண்டா மரங்கள் ஊதாவாக நிற்கும். குளிர்காலக் கடைசியில் நீலகிரிச் சோலைகளில் ரோடோடெண்ட்ரான் செக்கச் செவேல் என்று பூக்கும். கொஞ்சம் காசும் லீவும் சேர்ந்தால், செப்டம்பரில் மஹாராஷ்டிராவின் சதாரா அருகே காஸ் பீடபூமி. பாறை மேல் பூப்பாய்.

தொடாதே!

ஒரே ஒரு கண்டிஷன். பறிக்காதீர்கள். காதலி கேட்டாலும், பாஸின் சம்சாரம் கேட்டாலும் பறிக்காதீர்கள். மாமரத்தில் ஒரு பூவைக் கிள்ளினால் அடுத்த வருஷம் வேறு பூ வரும். குறிஞ்சிக்கு அடுத்த வருஷமே கிடையாது. அந்தப் பூவுக்குள் இருக்கிற விதைதான் அதன் மொத்த வாரிசு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இப்போது குறிஞ்சியும் இருக்கிறது. பறித்தால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் ஜெயில் வரை போகலாம். அதற்கு லீவு லெட்டர் எழுதுவது கஷ்டம்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். 24 வயசில் வேலை, 60-ல் ரிடையர்மென்ட். நடுவில் 36 வருஷம். மொத்த சர்வீஸுக்கும் மூன்றே குறிஞ்சி! 2000-ல் பிறந்தவருக்கு 2030-ல் வயசு முப்பது. பைக்கில் பின்னால் மனைவியோடு போகலாம். 2042-ல் நாற்பத்திரண்டு, பிள்ளையின் டியூஷன், வீட்டுக்கடன். 2054-ல் ஐம்பத்துநாலு, பையில் சர்க்கரை மாத்திரை. அதற்கு அடுத்த பூவை, முழங்கால் அனுமதித்தால் பார்க்கலாம். உங்கள் அப்பா அம்மாவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அதனால் 2030 ஆகஸ்டுக்கு லீவு எழுதும்போது ரெண்டு டிக்கெட் கூடவே போடுங்கள். ஜன்னலோர ஸீட் பெரியவர்களுக்கு!