கல்முனையில் கற்ற ஜப்பான் மொழி

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரை வீதியில், பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனை வருகின்றது. நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இம்முறை தறியோசை கேட்க நான் அங்கு இறங்கவில்லை. கல்முனையில் நண்பரொருவர் மாலை வேளைகளில் நடத்தும் ஜப்பானிய மொழி வகுப்பைப் பார்க்கச் சென்றேன். பார்த்ததோடு நில்லாமல், கடைசி வாங்கில் மாணவனாகவும் அமர்ந்துவிட்டேன்.

கடைத்தெருவில் ஒரு கடையின் மேல்மாடியே வகுப்பறை. சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக்குடி முஸ்லிம் பிள்ளைகள். பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வெளிநாடு செல்ல விழையாத வீடு இக்கரையில் அரிது. முதியோர் பராமரிப்பு முதலிய தொழில்களுக்காக ஜப்பான் 2019 ஏப்ரலில் புதியதொரு விசாவைத் தொடக்கியது. அதனைப் பெறத் தொழிற்றேர்வோடு அன்றாட ஜப்பானிய மொழித் தேர்வொன்றிலும் தேற வேண்டும்.

முதலில் ஊர்ப் பெயரை எழுதப் பழகினோம். ஜப்பானியத்தில் லகரம் இல்லை; ரகரமே உண்டு. சொல்லின் நடுவே மெய்யெழுத்துத் தனித்து நிற்பதும் அரிது. ஆகவே கல்முனை, ‘கருமுனை’ ஆயிற்று! வகுப்பு முழுதும் சிரித்தது.

பிள்ளைகளின் கையிலிருந்த இலக்கண நூல் ஆங்கில விளக்கமுடையது. தமிழில் நினைப்பதை ஆங்கிலத்திற் புரட்டி, அதனை மீண்டும் ஜப்பானியத்திற்குப் புரட்டி இடர்ப்பட்டனர். வீண் சுற்று! ‘வதாஷி வா மிஸு ஓ நொமிமாஸ்’ என்பதைப் பாருங்கள். வதாஷி என்றால் நான், மிஸு தண்ணீர், ‘ஓ’ என்பது நமது ‘ஐ’ உருபு, நொமிமாஸ் குடிக்கிறேன். எழுவாயை அடுத்து வரும் ‘வா’ ஒன்றுதான் நமக்குப் புதிது. மற்றவை தமிழ் நின்ற வரிசையிலேயே நிற்கின்றன. வினாவுக்கு நாம் ஈற்றில் ‘ஆ’ சேர்க்கிறோம். அவர்கள் ‘கா’ சேர்க்கிறார்கள்.

சுட்டுச் சொற்கள் இன்னும் இனிமையானவை. கொரே, சொரே, அரே, தொரே: இது, உது, அது, எது. பேசுவோன் பக்கத்தது கொரே. கேட்போன் பக்கத்தது சொரே. உகரச் சுட்டைத் தொல்காப்பியம் கூறுகின்றது. யாழ்ப்பாணத்தார் நாவில் அது இன்றும் வாழ்கின்றது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இத்தகைய ஒப்புமைகளைத் திரட்டி, இரு மொழிகளும் உறவுடையன என வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதியர் அவருடன் உழைத்தனர். மொழியியலார் பெரும்பாலோர் அம்முடிவை ஏற்கவில்லை. கொரிய, துருக்கிய வாக்கியங்களும் இவ்வரிசையில் அமைவதால் எனக்கும் ஐயமுண்டு. ஆயினும் உறவு இல்லையென்றால் உதவியும் கூடாதா, என்ன?

எண்ணுப் பெயர்களில்தான் என் கர்வம் அடங்கிற்று. தாளை எண்ண ‘இச்சிமாய், நிமாய்’; பென்சிலை எண்ண ‘இப்பொன், நிஹொன், சம்பொன்’; மனிதருக்கு ‘ஹிதோரி, புதாரி’. இப்பகுதியில் பிள்ளைகள் என்னை எளிதில் முந்திவிட்டனர்.

இடையில் நண்பர், “உங்கள் உம்மா வாப்பாவுக்குத் தெரிந்த ஜப்பானியச் சொல் ஒன்று சொல்லுங்கள்” என்றார். சிறிது நேரம் அமைதி. பின்னர் ஒருவன் மெல்ல, “சுனாமி” என்றான். நண்பர் பலகையில் பிரித்து எழுதினார்: ‘த்சு’ துறைமுகம், ‘நமி’ அலை. ஆழ்கடலில் அவ்வலை தாழ்ந்தே செல்வதால் படகிலிருப்போர் அதனை உணர்வதில்லை. கரை திரும்பும்போது துறை அழிந்து கிடக்கும். அதனால் வந்த பெயர் என்பர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும் விட அம்பாறையிலேயே கூடுதலானோர் மாண்டனர். 10,000 பேருக்கும் அதிகம். வகுப்பிலிருந்தோரில் பலர் அதன் பின் பிறந்தவர்கள்.

“எங்கட ராத்தா அதிலதான் மௌத்தானா, சேர். நான் அவவைக் கண்டதில்லை,” என்றான் அச்சொல்லைச் சொன்ன பிள்ளை.

நண்பர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினார். ‘இத்தே கிமாஸ்’: இத்தே போய், கிமாஸ் வருகிறேன். வீட்டை விட்டுப் புறப்படும் ஜப்பானியர் இதனையே சொல்வர். வீட்டிலிருப்போர், ‘இத்தெராஷ்ஷாய்’, போய் வாருங்கள், என்பர். அந்தப் பிள்ளை அதனைக் கொப்பியில் இருமுறை எழுதினான். “உம்மா பயப்படுறா, சேர். இதைச் சொல்லிக் குடுக்கலாம். எங்கட சொல்லுத்தானே,” என்றான்.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. வகுப்பு கலைந்தது. படியிறங்கும்போது, கற்ற பெருமையில் நானும், “இத்தே கிமாஸ்!” என்றேன்.

அவன் சிரித்தான். “இல்ல சேர், அது சொந்த வீட்டால போகக்குள்ள மட்டுந்தான். மத்த இடத்தால போறதெண்டா ‘ஷித்சுரே ஷிமாஸ்’ எண்டு சொல்லணும்.”

“இந்தக் கரையில எந்த வீட்டிலயும் ‘போயித்து வாறன்’ எண்டுதானே தம்பி சொல்லுறம்?” என்றேன்.

“அது சரிதான் சேர். போயித்து வாங்க,” என்றான்.