வாயில்லா ஜீவனோடு ஒரு நெடும்பயணம்

கோடை விடுமுறை நெருங்கும்போது மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்களில் ஊர்ப் பேச்சு எழுவது இயல்பு. குலதெய்வத்துக்குப் பொங்கல், தங்கைக்கு வளைகாப்பு, பாட்டியைக் காணும் ஆவல் எனக் காரணங்கள் பல. ஆயினும் வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்போருக்கு மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் உடன் பிறக்கிறது. அதனை யாரிடம் விட்டுச் செல்வது? அண்டை வீட்டாரும் அதே மாதத்தில் தத்தம் ஊர் செல்பவர்களே. ஆகவே காரிலேயே அழைத்துச் செல்லத் துணிவோர் உண்டு. துணிவு நல்லதே, முன்னேற்பாடும் அதற்கு வேண்டும்.

மும்பையிலிருந்து புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம் வழியாக மதுரை சேர ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். நாம் விரைந்து ஊர் சேர விரும்பலாம். எங்கே போகிறோம் என்றறியாத ஜீவனுக்கோ இது முடிவில்லாத ஆட்டம். மூன்று நாட்களாகப் பகுத்துக்கொள்வதே அறிவுடைமை. வழியில் தங்கும் விடுதி பிராணிகளை ஏற்குமா என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே சிறு தொலைவுகளுக்குக் காரில் ஏற்றிப் பழக்குக. கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கையோடு வைத்துக்கொள்க. கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கட்டும். மராத்தி, கன்னடம், தமிழ் என மூன்று மொழி நிலங்களைக் கடக்கும் வழியில் காணாமற்போன நாய்க்காகப் பேசக்கூடியது அந்த எண் ஒன்றே.

உணவைப் புறப்பாட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகவே சிறிதளவு கொடுத்து முடித்தல் நலம். இன்றேல் கண்டாலாவின் மலைவளைவுகளிலும், சாத்தாரா செல்லும் வழியிலுள்ள கம்பாட்கி மலைப்பாதையிலும் வாந்தி வருதல் கூடும். பூனையைக் கூண்டிலன்றிக் கொண்டு செல்லலாகாது. அஞ்சிய பூனை ஓட்டுநரின் காலடியில் புகுந்தால் அனைவர் உயிருக்கும் ஆபத்து. நாயைப் பின் இருக்கையில், மார்புப் பட்டை பூட்டி இருக்கை வாரோடு இணைத்து அமர்த்துக. கழுத்துப் பட்டையில் வாரைப் பூட்டுதல் தவறு. திடீரென வண்டியை நிறுத்தினால் கழுத்து முறியும். சன்னலுக்கு வெளியே தலைநீட்ட விடுவதும் கண்ணுக்குத் தீங்கு. வீட்டு மணம் மாறாத பழைய விரிப்பு ஒன்றைக் கீழே இடுக. பழகிய மணம் அதன் அச்சத்தைத் தணிக்கும்.

கராடு நகரில் கிருஷ்ணையும் கொய்னாவும் எதிரெதிரே வந்து கலக்கும் காட்சி கண்டு மகிழத் தக்கது. அங்கே இறங்குவோர் முதலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகே கதவைத் திறக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் காட்டுவதும், சிறிது நடத்துவதும் இன்றியமையாதவை. நண்பகலில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்க்க. நம் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது.

பெல்காம் கடந்து, ஹரிஹரில் துங்கபத்திரையைத் தாண்டிச் சித்ரதுர்கா நோக்கிச் செல்லும் கோடை வழியில்தான் பெரும் சோதனை. விடியற்காலையில் புறப்பட்டு, உச்சிவேளையில் தங்கிவிடுவது நன்று. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. நலமுள்ள நாயின் உடற்சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கே கேடு. வெயிலில் நிறுத்திய காருக்குள் அரைமணி நேரத்திற்குள்ளாகவே அனல் மிகுந்துவிடும்; சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரும்பயன் இல்லை. ஆகையால் சிற்றுண்டிச் சாலையில் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமராமல், இரு பிரிவாக மாறி மாறி உண்பதே முறை. தட்டை முகமுடைய பக் இன நாய்களுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

ஓயாத மூச்சிரைப்பு, மிகுந்த உமிழ்நீர், தள்ளாட்டம் ஆகியவை கண்டால் உடனே நிழலுக்குக் கொணர்ந்து, உடல் நனையக் குளிர்ந்த நீரூற்றி, காற்றுப்படச் செய்க. பின்னர் மருத்துவரிடம் விரைக.

துன்புறும்படி பிராணிகளை ஏற்றிச் செல்வதைக் குற்றமென வகுத்தது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டம் வரக் காரணமாயிருந்தவர்களுள் முதன்மையானவர், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பரதக்கலைக்குத் தொண்டாற்றிய அம்மையார் வாயில்லா ஜீவன்களுக்கும் பரிந்து பேசியது நமக்குப் பெருமை தருவது.

பெங்களூரின் தண்மையைக் கடந்து, தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் எட்டினால் மீண்டும் வெப்பம், அதன்பின் ஊர். ஊர் சேர்ந்ததும் கட்டவிழ்த்து விட்டுவிடுதல் ஆகாது. தெருநாய்களுக்கு அது அயலான். நமக்குச் சொந்த ஊராயினும் அதற்கு அந்நிய நாடு. சில நாட்கள் கயிற்றோடு உலாவட்டும். பூனை ஓர் அறைக்குள் இருக்கட்டும். பிழைப்புக்காகப் புதிய ஊரில் வந்திறங்கிய முதல் நாட்களின் திகைப்பை அறிந்தவர்கள் நாம். அத்திகைப்பைச் சொல்ல வாயில்லாத ஜீவனுக்கு, சிறிது பொறுமை காட்டுதல் நம் கடனாகும்.