பாட்டு கேட்க மட்டும் ஒரு கருவி

2001-இல் 5 ஜிபி கொள்ளளவோடு, ஆயிரம் பாட்டுகளைச் சுமந்து வந்த ஐபாடின் கதையை ஆப்பிள் 2022 மே மாதம் முடித்துவைத்தது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் இன்றும் சொல்வது, மெமரி கார்டு போடும் சின்ன எம்பி3 பிளேயரைத்தான். அழைப்பு வராது, விளம்பரம் குறுக்கிடாது. பாட்டு மட்டும்தான்.

கார்டை முதலில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு வேறு முறை புரியாது. டி.எம்.எஸ்., சுசீலா, இளையராஜா என்று தனித்தனி ஃபோல்டர் போடுங்கள். பாட்டின் பெயருக்கு முன்னால் 01, 02 என இரண்டு இலக்கமாக எண் கொடுங்கள். வெறும் 2 என்று போட்டால், பல கருவிகளில் 10-ஆம் பாட்டு அதை முந்திக்கொள்ளும். கணினியிலிருந்து 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கவே பிடுங்காதீர்கள், அரும்பாடுபட்டுச் சேர்த்த பாட்டெல்லாம் போய்விடக்கூடும். ஹோல்டு பொத்தான் இருந்தால், சட்டைப்பையில் போடுமுன் அதைத் தள்ளிவிடுங்கள்.

காதும் முக்கியம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்த நேரம் வேகமாகக் குறையும். பேருந்து இரைச்சலை வெல்வதற்காக ஒலியை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. காதை நன்றாக அடைக்கும் இயர்போன் வாங்கிக்கொடுங்கள், குறைந்த ஒலியே போதும்.